விவாகரத்து வழக்கைத் தொடங்குவது எப்படி? மனு எண் பெறும் முன் செய்ய வேண்டியவை

மணவாழ்க்கையைச் சட்டப்படி முடித்துக்கொள்வது என்று ஒருவர் முடிவெடுப்பதற்கும், அவருடைய மனு நீதிமன்றத்தில் எண் பெறுவதற்கும் இடையே சில வாரங்கள் கழிகின்றன. அந்த வழக்கின் போக்கைப் பெரும்பாலும் அந்த வாரங்களே தீர்மானிக்கின்றன. எந்தச் சட்டத்தின்கீழ், எந்தக் காரணத்தைச் சொல்லி, எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்த ஆவணங்களோடு மனு தாக்கல் செய்கிறோம் என்பவை எல்லாம் அப்போதே முடிவாகிவிடுகின்றன. அவற்றில் நேரும் பிழையைப் பின்னால் சரிசெய்வதற்குள் பல வாய்தாக்கள் வீணாகக் கழிந்துவிடும். ஆகவே தமிழ்நாட்டில் வாழும் ஒருவர் வழக்கைத் தொடங்கும் கட்டத்தில் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தைச் சுற்றியே பேச்சு அமையும். மற்றச் சட்டங்கள் எங்கே மாறுபடுகின்றன என்பதையும் இடையிடையே குறிப்பிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் ‘இனி ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கிக்கொண்டு பிரிந்துவிடும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த உறுதிமொழியையே விவாகரத்து என்று நம்பியிருப்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் திருமணத்தை முறிப்பதில்லை. ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக நிலவும் வழக்காற்றுப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு அங்கீகரிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்காறு தம் சமூகத்தில் உண்டு என்பதை அதைச் சொல்பவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது எளிதன்று. நீதிமன்றத் தீர்ப்பாணை இல்லாமல் மறுமணம் செய்துகொண்டால் அந்த இரண்டாவது திருமணம் செல்லாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ் என்று பல ஆண்டுகள் கழித்து வரும் சிக்கல்களில் துன்பப்படுபவர் பெரும்பாலும் அந்த இரண்டாவது மனைவியும் அவர் பிள்ளைகளும்தான்.

உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது?

இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோர் தமக்குள் செய்துகொண்ட திருமணங்களுக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொருந்தும். புரோகிதர் இல்லாமல், தாலி கட்டியோ மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதே சட்டத்தில்தான் அடங்கும். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் சேர்ந்த 7-ஏ பிரிவு அவற்றுக்கு முழு ஏற்பு அளிக்கிறது. வெவ்வேறு மதத்தினர் பதிவாளர் முன்னிலையில் செய்துகொண்ட திருமணம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைச் சேர்ந்தது. ஒரே மதத்தைச் சேர்ந்த இருவரும்கூட அந்தச் சட்டத்தின்கீழ் மணம் முடித்திருக்கலாம் என்பதால், ‘ரிஜிஸ்டர் மேரேஜ்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொள்ளாமல், கையில் உள்ள சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பொருந்தும். அதில் 2001இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவின்படி இருவரும் சம்மதித்துப் பிரியலாம். ஆனால் சட்டத்தின் வாசகம் அதற்கு 2 ஆண்டுப் பிரிவைக் கேட்கிறது. இஸ்லாமியப் பெண்கள் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாடலாம். கணவர் 2 ஆண்டுகள் பராமரிக்காமல் விட்டது, 4 ஆண்டுகளாக அவர் இருக்குமிடம் தெரியாதது, கொடுமை செய்தது போன்ற காரணங்கள் அதில் உள்ளன. முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லாததாகவும் தண்டனைக்குரியதாகவும் ஆகிவிட்டது. குலா முறையில், அதாவது மனைவியே கேட்டுப் பெறும் மணவிலக்கின் மூலம், பிரிய விரும்பும் பெண் தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழை நம்பாமல் குடும்ப நல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருக்கிறது.

காலக் கணக்கு

வழக்கறிஞரைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் நான்கு தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: திருமணம் நடந்த நாள், கடைசியாகக் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்த நாள், பிரிந்த நாள், பிரிவுக்குக் காரணமான உண்மை உங்களுக்குத் தெரியவந்த நாள். சட்டத்தின் கதவுகள் பல இந்தத் தேதிகளை வைத்தே திறக்கின்றன, மூடுகின்றன.

இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனு தாக்கல் செய்ய முடியாது. மிகக் கடுமையான துன்பமோ, எதிர்த்தரப்பின் மிக இழிவான நடத்தையோ இருந்தால் நீதிமன்றத்தின் முன்னனுமதி பெற்றுத் தாக்கல் செய்யலாம். அனுமதி எளிதில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இந்த ஓராண்டுத் தடையைக் கேள்விப்பட்ட பலர் ‘ஒரு வருஷம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று வீட்டில் காத்திருந்துவிடுகிறார்கள். அங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. திருமணத்துக்கு ஒப்புதல் பெறும்போதே பெரிய உண்மை ஒன்றை மறைத்து ஏமாற்றியிருந்தாலோ, வற்புறுத்தி மணம் முடித்திருந்தாலோ, நீங்கள் நாட வேண்டியது விவாகரத்து அன்று. 12ஆம் பிரிவின்படி திருமணத்தையே ரத்து செய்யக் கோரும் மனு. அந்த மனுவை ஏமாற்றுத் தெரியவந்த நாளிலிருந்து, அல்லது வற்புறுத்தல் நீங்கிய நாளிலிருந்து, ஓராண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். உண்மை தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த உரிமை போய்விடும். அதாவது ஒரு நிவாரணத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும், மற்றொன்று ஓராண்டில் கைநழுவிவிடும். மணமான சில மாதங்களிலேயே சிக்கல் வந்தவர்கள் தயவுசெய்து தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிவுபெறுங்கள். திருமணத்தை முறிக்காமல் தனித்து வாழ மட்டும் வழிசெய்யும் நீதிமன்றப் பிரிவாணையைக் கோரும் 10ஆம் பிரிவு மனுவுக்கு இந்த ஓராண்டுத் தடை கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கைவிட்டுச் சென்றதைக் காரணமாகக் காட்டுபவர், மனுவின் தேதிக்கு முன்பு தொடர்ச்சியாக 2 ஆண்டுகள் அந்தக் கைவிடல் நீடித்ததைக் காட்ட வேண்டும். பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு தனித்து வாழ்ந்திருப்பது போதும்.

இருவரும் சம்மதித்தால்

‘மியூச்சுவல்’ என்று எல்லோரும் சொல்லும் 13-பி பிரிவு 1976இல் சட்டத்தில் சேர்ந்தது. ஓராண்டாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ இயலாத நிலை இருக்க வேண்டும், முறித்துக்கொள்ள இருவரும் மனமொப்பியிருக்க வேண்டும்: இவ்வளவே அது கேட்பது. யாரும் யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. தனித்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் விளக்கியது.

இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவைத் தாக்கல் செய்த 6 மாதங்களுக்குப் பிறகு, 18 மாதங்களுக்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை நாடித் தம் சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும். இந்த 6 மாதக் காத்திருப்பைத் தக்க நிலையில் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு கடந்திருப்பது, சமரச முயற்சிகள் பலனளிக்காதது, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிந்திருப்பது, மேலும் காத்திருப்பது துன்பத்தை நீட்டிக்கவே செய்யும் என்பது ஆகியவற்றை நீதிபதி கருதுவார். தளர்வு கேட்கும் மனுவைத் தனியே தாக்கல் செய்ய வேண்டும்; தானாகக் கிடைப்பதன்று.

சம்மதம் இருக்கும் இடத்திலும் அவசரம் கூடாது. பேசி முடித்ததை எல்லாம் எழுத்தில் கொண்டுவந்த பிறகே மனுவில் கையெழுத்திடுங்கள். நகைகள் யாரிடம் உள்ளன, எந்த நாளில் ஒப்படைக்கப்படும்; சீர்வரிசைப் பொருள்கள் என்ன ஆகும்; கூட்டாக வாங்கிய வீட்டின் கடன் தவணையை இனி யார் கட்டுவார், பத்திரத்தில் பெயர் எப்படி மாறும்; குழந்தை யாரிடம் வளரும், மற்றவர் எந்த நாளில் எங்கே சந்திப்பார், பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் யார் பொறுப்பு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யார் கையெழுத்திடுவார் என்பதுவரை எழுதிவிடுவது நல்லது. ஒரே தவணையில் தருவதாகப் பேசிய தொகையை முதல் கட்டத்தில் ஒரு பகுதியும், இறுதிச் சம்மதம் பதிவாகும் நாளில் வரைவோலையாக மீதியும் என்று பிரித்துக்கொள்வது இருதரப்புக்கும் பாதுகாப்பு. ஏனெனில் தீர்ப்பாணை வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும். தாய் தனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், குழந்தைக்குத் தந்தையிடமிருந்து கிடைக்க வேண்டிய பராமரிப்பை அதனால் விட்டுக்கொடுக்க முடியாது. ஏற்கெனவே வரதட்சணைக் கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால், ‘சமாதானமாகிவிட்டோம்’ என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதால் அது முடிவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ தனியே மனு செய்து ரத்து பெற வேண்டும். அதற்கான ஒத்துழைப்பையும் உடன்படிக்கையில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.

ஒருவர் மட்டும் தொடுக்கும் வழக்கு

மற்றவர் சம்மதிக்கவில்லை என்றால் 13(1) பிரிவில் உள்ள காரணம் ஒன்றையாவது சொல்லி நிரூபிக்க வேண்டும்: பிறரோடு உடலுறவு கொண்டது, கொடுமை, 2 ஆண்டுக் கைவிடல், மதமாற்றம், சேர்ந்து வாழ இயலாத அளவு கடுமையான மனநோய், தொற்றும் தன்மையுள்ள பால்வினை நோய், துறவு, 7 ஆண்டுகளாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாமை. தொழுநோயும் முன்பு இந்தப் பட்டியலில் இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. மனைவிக்கு மட்டும் உரிய சில கூடுதல் காரணங்கள் 13(2) பிரிவில் உள்ளன. ‘எங்களுக்குள் எதுவும் மிச்சமில்லை, திருமணம் செத்துவிட்டது’ என்பது மட்டும் கீழமை நீதிமன்றத்தில் காரணமாகாது. மீள முடியாதபடி முறிந்த திருமணத்தைக் கலைக்கும் சிறப்பு அதிகாரம் அரசமைப்பின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு என்பதை 2023இல் ஷில்பா சைலேஷ் வழக்கில் அரசமைப்பு அமர்வு தெளிவுபடுத்தியது.

நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் கொடுமை என்ற காரணத்தின்மேல் நிற்கின்றன. அடி உதை மட்டுமே கொடுமை அன்று. மனத்தளவில் இழைக்கப்படும் கொடுமையும் அதில் அடங்கும். குற்ற வழக்கைப்போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எந்தத் தரப்பின் கூற்று நடந்திருக்கக்கூடியது என்று தோன்றுகிறதோ அதுவே போதும் என்று 1975இல் தஸ்தானே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் பல மனுக்கள் தோற்கின்றன. ‘எதிர்மனுதாரர் எப்போதும் மனுதாரரை மிகவும் கொடுமைப்படுத்தி வந்தார்’ என்று பொதுப்படையாக எழுதி, ஒரு நிகழ்ச்சியைக்கூட நாளும் இடமும் சொல்லாமல் விட்டுவிடுவதே அதற்கு முக்கியமான காரணம் என்பது என் எண்ணம். மனுவில் சொல்லப்படாத நிகழ்ச்சியைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால், குறுக்கு விசாரணையில் ‘இதை ஏன் மனுவில் சொல்லவில்லை?’ என்ற கேள்வி வந்தே தீரும்.

ஆகவே வழக்கறிஞரிடம் போகுமுன் நீங்களே உட்கார்ந்து உங்கள் மணவாழ்க்கையைக் கால வரிசைப்படி எழுதுங்கள். திருமணப் பேச்சு, நகை, சீர், எங்கே குடியேறினீர்கள், முதல் சச்சரவு, குழந்தை பிறந்த காலம், ஒவ்வொரு முக்கிய நிகழ்ச்சியும் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் நடந்தது என்று எழுதுங்கள். சரியான தேதி நினைவில்லை என்றால் ‘2022 தீபாவளிக்கு அடுத்த வாரம்’ என்பதுபோல எழுதலாம். ஊகித்து ஒரு தேதியைப் போட்டுவிடாதீர்கள், அது பிறகு பொய்யென்று காட்டப்பட்டால் உண்மையானவையும் நம்பிக்கை இழக்கும். சண்டைக்குப் பிறகு சமாதானமாகிச் சேர்ந்து வாழ்ந்த காலத்தையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நடந்ததை மன்னித்து ஏற்றுக்கொண்டார் என்ற எதிர்வாதத்தை 23ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மன்னிப்புக்குப் பிறகு கொடுமை மீண்டும் தொடர்ந்ததென்றால் அதை மனுவிலேயே சொல்வதுதான் அந்த வாதத்துக்கு விடை. நடக்காததைச் சேர்க்கச் சொல்லி யார் அறிவுரை கூறினாலும் ஏற்காதீர்கள். ஆதாரமற்ற ஒழுக்கக் குற்றச்சாட்டுகளை மனுவில் எழுதுவதே எதிர்த்தரப்புக்கு இழைத்த மனக்கொடுமை என்று நீதிமன்றங்கள் பலமுறை கண்டிருக்கின்றன.

வீட்டில் வன்முறை நடந்துகொண்டிருந்தால் விவாகரத்து மனு இரண்டாவதாகத்தான் வர வேண்டும். முதலில் உயிரும் உடலும் காக்கப்பட வேண்டும். மகளிர் உதவி எண் 181 எந்நேரமும் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமோ நேரடியாக நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலோ முறையிட்டு, பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றைப் பெறலாம். இதற்கு ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற தடை எதுவும் இல்லை. விவாகரத்தே கேட்காமல் ஜீவனாம்சம் மட்டும் கோருபவர், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி மனு செய்யலாம்.

எந்த ஊர் நீதிமன்றம்?

திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் இப்போது வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வசித்த ஊர் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் அவர் தற்போது வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண்களுக்கு இது பெரிய உதவி. சென்னையில் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ளன. மாவட்டங்களில் குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடங்களில் இந்து திருமணச் சட்ட மனுக்களைச் சார்பு நீதிமன்றம் விசாரிக்கிறது. கணவன் ஓர் ஊரிலும் மனைவி வேறோர் ஊரிலும் விவாகரத்து மனு போட்டுவிட்டால், பிந்தைய மனு முந்தைய மனு உள்ள நீதிமன்றத்துக்கு மாற்றப்படும் என்பது 21-ஏ பிரிவின் பொதுவிதி. குழந்தையோடு நெடுந்தூரம் வந்துபோக இயலாத பெண் உயர் நீதிமன்றத்தில் வழக்கு மாற்றம் கோரலாம்.

ஆவணங்கள்

திருமணப் பதிவுச் சான்றிதழ் முதன்மையானது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிய பிறகும் பதிவு செய்யாமல் விட்டவர்கள் பலர். அதனால் வழக்கு நின்றுவிடாது. அழைப்பிதழ், தாலி கட்டும் நேரப் புகைப்படம், மண்டப ரசீது, இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை ஆகியவற்றைக் கொண்டு திருமணத்தை நிரூபிக்கலாம். இருவரின் முகவரிச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், மற்றவரின் வருமானத்தைக் காட்டும் ஏதேனும் ஆவணம், மருத்துவமனைச் சீட்டுகள், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது ஆகியவற்றைத் திரட்டுங்கள். நகை வாங்கிய ரசீது இல்லாவிட்டால் திருமணப் படங்களில் நகை தெரியும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மூலங்களை உங்களிடமோ நம்பிக்கையான உறவினரிடமோ பத்திரப்படுத்தி, வழக்கறிஞருக்கு நகல்களைக் கொடுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளையும் ஒலிப்பதிவுகளையும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். திரைப்பிடிப்புகளை அச்சிட்டு இணைப்பது மட்டும் போதாது. பழைய சாட்சியச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்று அவற்றோடு இருக்க வேண்டும். செய்திகள் வந்த கைபேசியை விற்றுவிடாதீர்கள், மாற்றினாலும் பழையதை எடுத்து வையுங்கள். துணைவருக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடல் என்பதற்காகவே மணவழக்கில் அதை ஒதுக்கிவிட முடியாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனினும், பிரிவதாக முடிவெடுத்துவிட்டு, துணைவரைச் சீண்டிப் பேசவைத்துப் பதிவுசெய்வது வேறு. முழுப் பதிவையும் கேட்கும் நீதிபதிக்கு அது உங்களைப் பற்றித்தான் சொல்லும்.

வழக்கறிஞரும் மனுவும்

குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984, வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை உரிமையாக அளிக்கவில்லை. நீதிமன்ற அனுமதியோடுதான் அவர் முன்னிலையாகிறார். நீங்களே நேரில் வாதாடவும் செய்யலாம். ஆனாலும் மனு எழுதும் கட்டத்திலாவது ஒரு வழக்கறிஞரின் துணை இருப்பது நல்லது. கட்டணம் கொடுக்க வழியில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி எல்லாப் பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வருமானம் குறைந்த ஆண்களும் தகுதி உடையவர்களே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

வழக்கறிஞரை அமர்த்தும்போது மொத்தக் கட்டணத்தையும், அது எந்தெந்தக் கட்டத்தில் தர வேண்டியது என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வக்காலத்தில் கையெழுத்திடுவது அவருக்கு உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தருவது. மனுவில் கையெழுத்திடுவதோ, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்று நீங்களே உறுதி கூறுவது. மனு ஆங்கிலத்தில் தட்டச்சாகியிருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பின்பே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத் தாளிலோ கையெழுத்துப் போட்டுத் தரும் வழக்கத்துக்கு எந்தக் காரணமும் நியாயமாகாது.

வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமன்று. பேசித் தீர்க்கும் வாய்ப்பு இருந்தால் அனுப்பலாம். வன்முறையோ, நகைகளை மறைத்துவிடும் அச்சமோ இருந்தால் நேரே மனுவுக்குப் போவதே சரி. உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் மௌனமாக இருந்துவிடாதீர்கள். மறுப்பை மறுப்பாகவே பதிவுசெய்து ஒரு பதில் அனுப்புங்கள்.

மனுவில் திருமணம் நடந்த நாளும் இடமும், இருவரின் மதமும் முகவரியும், கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம், குழந்தைகளின் பெயரும் வயதும், இதற்கு முன் இருவருக்கும் இடையே நடந்த வழக்குகள், கேட்கும் காரணத்துக்கு அடிப்படையான நிகழ்ச்சிகள் ஆகியவை இருக்க வேண்டும். இருவரும் கூடிப் பேசி நீதிமன்றத்தை ஏமாற்றும் நோக்கம் இல்லை என்ற உறுதியும் வேண்டும். ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் தேவைப்பட்டால் அவற்றையும் கோருங்கள். வழக்கு நடக்கும் காலத்துச் செலவுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி தனி இடைக்கால மனு போட வேண்டும். வருமானம் இல்லாத கணவனும் இதைக் கேட்கலாம். அறிவிப்பு எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த 60 நாள்களுக்குள் அதை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, ஜீவனாம்சம் கேட்கும்போது இருதரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். கிடைக்கும் தொகையும் மனு போட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும். இந்தப் பத்திரத்தை மனுவோடு சேர்த்தே தயாரித்துவிட்டால் ஒரு வாய்தா மிச்சமாகும்.

தாக்கலுக்குப் பின் முதல் அழைப்பு வரை

நீதிமன்றக் கட்டணம் சிறு தொகைதான். அலுவலகம் மனுவைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பித் தரும். சரியாக இருந்தால் எண் கொடுக்கும். அந்த வழக்கு எண்ணோடு எழுத்தும் எண்ணுமாக 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதை இட்டால் அடுத்த வாய்தா எந்த நாள், அன்று என்ன நடந்தது என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே பார்க்கலாம்.

பிறகு எதிர்மனுதாரருக்கு அழைப்பாணை போகும். அவர் உண்மையில் வசிக்கும் முகவரியை மனுவில் எழுதுவது உங்கள் பொறுப்பு. அவர் வேண்டுமென்றே வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவது, நாளிதழில் விளம்பரம் செய்வது என்ற வழிகள் உள்ளன. ஆனால் அவர் இருக்குமிடம் தெரிந்தும் பழைய முகவரியைக் கொடுத்து, அவர் வராததைக் காட்டி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்குவதை எக்காலத்திலும் செய்யாதீர்கள். அழைப்பாணை முறையாகச் சேரவில்லை என்று அவர் நிரூபித்தால் அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிடும். அதற்குள் நீங்கள் மறுமணம் செய்திருந்தால் உங்களை நம்பி வந்தவரின் வாழ்க்கையும் சிக்கலில் விழும். முறையாகப் பெற்ற தீர்ப்பாணையாக இருந்தாலும் மேல்முறையீட்டுக்குரிய 90 நாள்கள் கழியும்வரை மறுமணத்துக்கு நாள் குறிக்க வேண்டாம்.

முதல் அழைப்பு நாளில் நேரில் செல்லுங்கள். குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது சட்டம் விதித்த கடமை. ஆகவே இருவரையும் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சேர்ந்து வாழ வேண்டும் என்று உங்களை அங்கே யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சேர்வதற்கு வழியில்லை என்றாலும், குழந்தையைச் சந்திக்கும் நாள், நகை ஒப்படைப்பு, பள்ளிக் கட்டணம் போன்றவை அங்கேயே முடிவாவது உண்டு. தொடுத்த வழக்கே பரஸ்பர சம்மத மனுவாக மாறி விரைவில் முடிவதும் உண்டு. சமரசத்தில் நீங்கள் சொன்னது எதுவும் பின்னர் விசாரணையில் உங்களுக்கு எதிராகப் பயன்படாது என்பதால் மனம்விட்டுப் பேசலாம். வழக்கு மூடிய அறையில் நடக்க வேண்டும், அதன் விவரங்களை வெளியிடக் கூடாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு காப்பளிக்கிறது; அந்தக் காப்பு உங்கள் துணைவருக்கும் உரியது என்பதால், மனுவின் பக்கங்களையோ நடந்தவற்றையோ குடும்பக் குழுக்களிலும் சமூக வலைத்தளங்களிலும் பகிராதீர்கள். குழந்தையை அன்று நீதிமன்றத்துக்கு அழைத்துவர வேண்டியதில்லை. நீதிபதி பார்க்க விரும்பினால் நாள் குறித்துச் சொல்வார்.